வேர்க்காத கோடை, வராத வரி

திண்டுக்கல்லில் சித்திரை வெயிலுக்குத் தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். அந்த வெயிலில் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். யாராவது கேட்டால், "காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு" என்பேன். இரண்டு கோடைகளாக அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் வரவேயில்லை.

கடை என்றால் மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டாரும் போர் மோட்டாரும் எரிந்துபோனால் விவசாயிகள் எங்களிடம் கொண்டுவருவார்கள். கருகிய செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்போம். பகலில் அந்த வேலை. விடியற்காலையில் கதை எழுதுவேன். ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது. நான் பெரிய எழுத்தாளன் இல்லை. ஆனால் எழுதாத காலையில், பல் விளக்காமல் வெளியே கிளம்பியவன் போல ஒரு சங்கடம் இருக்கும். அந்த அளவுக்கு எழுத்தாளன்.

அப்படி இருந்தவனுக்கு மூன்று வருடமாக ஒரு வரி வரவில்லை.

ஒரு நாவலைப் பாதிவரை கொண்டுபோயிருந்தேன். நடுவில் ஒரு கல்யாணப் பந்தி வரும். பந்தியில் உட்கார்ந்தவர்கள் மூன்று வருடமாக இலைக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தார்கள். பரிமாற எனக்குத் தெம்பில்லை. விடியலில் எழுந்து உட்காருவேன். ஒரு பத்தியை வாசித்தால், மூன்றாவது வரிக்கு வருவதற்குள் முதல் வரி நினைவிலிருந்து நழுவியிருக்கும். ஒரு சொல்லைத் தேடினால் அது வருவதற்குள் எதற்காகத் தேடினேன் என்பது மறந்திருக்கும். செத்த நேரம் தலையை மேசையில் வைப்பேன். கண் விழித்தால் வெயில் ஏறியிருக்கும்.

நண்பர்கள் யோசனை சொன்னார்கள். எங்காவது போய்விட்டு வா, நிறையப் படி, செல்போனைத் தூக்கிப் போடு, தினமும் ஒரு பக்கம் எழுதியே தீருவேன் என்று உட்கார். எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். கொடைக்கானலுக்குப் போய் மூன்று கம்பளிக்குள் படுத்துவிட்டு வந்தேன். சரக்கு தீர்ந்துபோன எழுத்தாளர்கள் எத்தனையோ பேர், அவர்களில் நானும் ஒருவன் என்ற முடிவுக்கு வந்தேன். மதுரையிலிருந்து கதை கேட்டுப் பேசும் பத்திரிகை நண்பரின் போனை எடுக்காமல் விடப் பழகினேன். ஒருநாள் என் மனைவி ரெஜினாவிடம், "இனிமே எழுத மாட்டேன்" என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எழுத்து மட்டும் நிற்கவில்லை. முகம் உப்பியது. குரல் கட்டியது. விரல்கள் மரத்துப்போய் கம்பி சுற்றும்போது சுற்று எண்ணிக்கை தவறியது. கடைக்கு மேலே இருந்த வீட்டுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பக்கத்தில் பார்த்த மருத்துவர் பிரஷருக்கும் வாயுவுக்கும் மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என்ன செய்கிறது என்று அவர் கேட்டபோது நான் சொன்ன பதில், "ஒண்ணுமில்ல, அசதியா இருக்கு." அவ்வளவுதான்.

தொப்பம்பட்டிப் பக்கத்து விவசாயி முத்துச்சாமி, நான் கட்டிக்கொடுத்த மோட்டாரைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒரே வாரத்தில் மறுபடி எரிந்திருந்தது. என் கைத் தப்பு என்று பார்த்ததுமே தெரிந்தது. மன்னிப்புக் கேட்க எழுந்தேன். நெஞ்சுக்குள் காற்று பாதி வழியில் நின்றுவிட்டது. சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தேன். ரெஜினா அப்போது வெளியே போயிருந்தாள், மேலே வீடு பூட்டிக் கிடந்தது.

அவர் கோபமாக வந்தவர். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. என் கையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

"மோட்டாரு..." என்றேன்.

"அது கெடக்குதுங்க. நீங்க மொதல்ல ஏறுங்க. அம்மிணி நம்பரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

எரிந்த மோட்டார், வண்டியின் பின்தட்டில் உருண்டுகொண்டிருக்க, நான் முன் சீட்டில் ஸ்வெட்டருடன் மருத்துவமனைக்குப் போனேன்.

*

முதலில் ஈ.சி.ஜி. நெஞ்சில் கம்பிகளை ஒட்டி இதயத்தின் மின் ஓட்டத்தைத் தாளில் வரைவது. மேடும் பள்ளமுமாக வரவேண்டிய கோடு, எனக்கு எறும்பு ஊர்ந்த தடம்போலத் தாழ்ந்து கிடந்தது. பிறகு எக்ஸ்ரே. அதில் இதயம் பானைபோல் அகன்று தெரிந்தது. பிறகு எக்கோ. கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ஸ்கேன் மாதிரிதான், இது இதயத்துக்கு. இருட்டறையில் நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை உருட்டினார்கள். ஸ்கேன் எடுத்தவர் அதுவரை என்னிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். மருத்துவமனையில் பயம் அந்த இடத்தில்தான் தொடங்கும் என்று அன்று அறிந்தேன். யாரும் எதுவும் சொல்வதில்லை. பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிடுகிறார், அவ்வளவுதான்.

இதயத்தைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அந்த உறைக்கும் இதயத்துக்கும் நடுவில் எனக்கு நீர் சேர்ந்திருந்தது. நீர் கூடினால் இதயத்தை அமுக்கும். அமுக்கினால் நெஞ்சில் ஊசி போட்டு நீரை எடுக்க வேண்டும். இதைச் சொன்ன மருத்துவர் 'ஊசி' என்பதை மெதுவாகத்தான் சொன்னார். ரெஜினா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சுட்டது. என் உடம்பு எவ்வளவு குளிர்ந்து கிடந்தது என்று அந்தச் சூட்டில்தான் தெரிந்தது.

நீர் ஏன் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. காசநோயா, சிறுநீரகமா, வேறு ஏதாவதா என்று ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். 'வேறு ஏதாவது' என்பதில் என்னென்ன அடங்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் மாலை ரவுண்ட்ஸ் வந்த பொது மருத்துவர் ஒரு பெண். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கோப்பைத் திறப்பதற்கு முன்னால் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க, என்ன வேலை பாக்குறீங்க?"

நான் சொன்னேன். சொல்லி முடிக்க நேரமாயிற்று. அவர் அவசரப்படுத்தவில்லை. சொன்னதைவிடச் சொன்ன விதத்தை அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு ரெஜினா பக்கம் திரும்பினார்.

"இவர் குரல் எப்பவுமே இப்படித்தானாம்மா?"

"இல்ல டாக்டர். முன்னாடி நல்லாக் கணீர்னு இருக்கும். கோயில்ல இவுகதான் பைபிள் வாசகம் வாசிப்பாக. இப்ப ரெண்டு வருசமா வேணாம்னு சொல்லிட்டாக."

"பழைய குரல் ஏதும் வச்சிருக்கீங்களா? வீடியோ மாதிரி?"

ரெஜினா போனைத் துழாவினாள். எங்கள் பங்குக் கோயில் திருவிழாவுக்கு முந்தைய நாள் கூட்டத்தில் நான் ஒரு கதை வாசித்ததை அவள் எடுத்து வைத்திருந்தாள். அது எனக்கே தெரியாது. போனை மருத்துவர் பக்கம் நீட்டினாள்.

ஒரு மனிதன் வாசித்தான். குரல் துள்ளியது. கிழவர் ஒருவர் பஸ்ஸில் தன் ஆட்டுக்கும் டிக்கெட் எடுக்கிறார். டிக்கெட் எடுத்த பிறகு, ஆட்டுக்கு உட்கார சீட் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். கூட்டம் சிரிக்கிறது. வாசிக்கிறவன் சிரிப்பு அடங்கும்வரை சரியாக நிறுத்தி, அடுத்த வரியை எடுக்கிறான். அவனை எனக்குத் தெரியும் போலவும் இருந்தது, ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு பங்காளி போலவும் இருந்தது.

குரலை அறிய அரை நிமிடம் போதும். மருத்துவர் நிறுத்தவில்லை. கண்டக்டர் கிழவரை நோக்கித் திரும்புகிற இடத்தில் பதிவு அறுந்துபோனது.

"அப்புறம் கண்டக்டர் என்ன பண்ணாரு?" என்றார் மருத்துவர், என்னைப் பார்த்து.

வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. நான் எழுதிய கதை. பத்து இடத்தில் வாசித்த கதை. அந்த பஸ்ஸின் உள்ளே நான் நின்றுகொண்டிருக்கிறேன், கிழவர் தெரிகிறார், ஆடு தெரிகிறது, அதற்கு மேல் சுவர். கண் கலங்கிவிட்டது.

ரெஜினாதான் சொன்னாள். "கண்டக்டரு தன்னோட சீட்ட ஆட்டுக்குக் குடுத்துட்டு வத்தலக்குண்டு வரைக்கும் நின்னுக்கிட்டே வருவாரு டாக்டர்."

மருத்துவர் சிரித்தார். பிறகு முகம் மாறியது. என்னை எழுந்து நாற்காலிமேல் முழங்காலிடச் சொன்னார். பாதங்கள் பின்னால் தொங்கின. குதிகாலுக்கு மேலே இருக்கிற நரம்புபோன்ற தடித்த தசைநாரைச் சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். எல்லோருக்கும் தட்டியதும் பாதம் துள்ளி உடனே பழைய நிலைக்கு வந்துவிடும். என் பாதம் துள்ளியது. திரும்பி வருவதற்குத் தூக்கக் கலக்கத்தில் இருப்பவன்போல யோசித்து யோசித்து வந்தது. அவர் இரண்டாம் முறை தட்டி ரெஜினாவுக்குக் காட்டினார்.

"தைராய்டு பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அது பெண்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன்.

*

கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பு எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். சூடு, இதயத்துடிப்பு, செரிமானம், யோசனை, ஞாபகம் எல்லாம் அதன் கணக்கில் வரும். மூளைக்கு அடியில் இன்னொரு சின்னச் சுரப்பி இருந்து அதை வேலை வாங்குகிறது. தைராய்டு சோர்ந்தால் மேலே இருப்பது குரலை உயர்த்தும். டி.எஸ்.எச். என்று ரிப்போர்ட்டில் வருவது அந்தக் குரலின் அளவு. அது ஏற ஏற, கீழே வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

என் ரிப்போர்ட்டைப் பார்த்து லேபில் சந்தேகப்பட்டு இன்னொரு முறை ரத்தம் எடுத்தார்கள். அதே பதில்தான் வந்தது. "மேல இருந்து தொண்ட கிழியக் கத்திட்டிருக்கு. கீழ ஆளே இல்ல" என்றார் மருத்துவர். உடம்பின் எதிர்ப்புச் சக்தி, எதிரி என்று தவறாக நினைத்து என் தைராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்திருந்தது. இதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்ததும், விரல் மரத்ததும், குரல் கட்டியதும், சித்திரையில் குளிர்ந்ததும் அதனால்தான்.

"இவுக எழுதுறத நிறுத்தினதும் இதனாலதானா டாக்டர்?" என்று கேட்டாள் ரெஜினா. எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தைரியம் வந்திருக்காது.

"பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மூளையும் உடம்புதானம்மா."

மருத்துவர் போன பிறகு ரெஜினா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லவா? நீங்க எங்கள வெறுத்துட்டீகன்னு நெனச்சேன்."

நான் அவளைப் பார்த்தேன்.

"பேச மாட்டேங்கிறீக. சிரிக்க மாட்டேங்கிறீக. நம்ம புள்ள ஜெனி காலேஜ்ல பரிசு வாங்கிட்டு வந்தப்ப, சரின்னு சொல்லிட்டுப் படுத்துட்டீக. எழுத மாட்டேன்னு சொன்னப்பகூட, இவரு நம்மகூட இருக்கறதையே வேணாங்கிறாருன்னுதான் எனக்குத் தோணுச்சு. யாருகிட்டச் சொல்றது அத."

மூன்று வருடம் அவள் இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாய் வழக்கம்போலத் தாமதித்தது. அவளுக்கு இப்போது தாமதத்தின் காரணம் தெரியும். போகட்டும் என்று விட்டுவிடாமல், பதில் வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"வெறுக்கல" என்றேன் கடைசியில்.

"சரி" என்றாள். ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

*

மருந்து மிகச் சின்ன மாத்திரை. அதையும் பாதியில் தொடங்கினார்கள். ரொம்ப நாள் மெதுவாக ஓடிப் பழகிய இதயத்தைத் திடீரென்று விரட்டினால் அது தாங்காது. விடியலில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்க வேண்டும். ஒரு மணி நேரம் காப்பி கிடையாது. காலையில் எக்கோ எடுத்து நீர் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூடினால் ஊசி.

எக்கோ அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் காத்திருந்த காலைகளை மறக்க முடியாது. எனக்கு முன்னால் உள்ளே போனவர் எப்படி வெளியே வருகிறார் என்று பார்ப்போம். சிரித்துக்கொண்டு வந்தால் நமக்கும் அப்படியே ஆகும் என்று ஒரு நம்பிக்கை. ரெஜினாவின் உதடுகள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் பதில் ஒன்றுதான் வந்தது: "கூடல. அப்படியே இருக்கு." அப்படியே இருப்பது இவ்வளவு பெரிய சந்தோஷம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

மகள் ஜெனி காந்திகிராமத்தில் படிக்கிறாள். வகுப்பு முடிந்ததும் நேராக வார்டுக்கு வந்துவிடுவாள். என் பாதங்களை மடியில் எடுத்து வைத்துத் தேய்ப்பாள். "ஐஸ் பொட்டி மாதிரி இருக்குப்பா" என்பாள். செய்தித்தாளை வாசித்துக் காட்டுவாள். ஒரு செய்தி முடிந்ததும், "புரிஞ்சுச்சா, இன்னொரு தடவ வாசிக்கவா?" என்று கேட்பாள். அலுப்பில்லாமல் கேட்பாள். அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுத்தபோது நான் எத்தனை முறை அலுத்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

பில்லை ரெஜினாவின் அண்ணன் கட்டினார். கேட்டதற்கு, "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம் மாப்ள, மொதல்ல முகம் வத்தட்டும்" என்றார். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, எங்களுக்கும் சேர்த்தே பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துவந்து வைத்தார். முத்துச்சாமி ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்துடன் வந்தார்.

"மோட்டார வேற கடையில குடுத்திட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரு தண்ணி உடறாருங்க. நீங்களே வந்து கட்டிக் குடுங்க."

"நான்தான தப்பாக் கட்டினேன்."

"அப்ப ஒடம்பு செரியில்லீங்கள்ல." அவருக்கு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கொய்யாவை எடுத்துத் துடைத்து என் கையில் வைத்தார்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் மருத்துவரிடம் தனியாகக் கேட்டேன். "எழுத்து திரும்ப வருமா?"

"ஞாபகம் தெளியும். யோசனை வேகமாகும். சொல்லு நினைச்ச உடனே வரும். அதுக்கு மேல மாத்திரை என்ன பண்ணும்னு எனக்குச் சொல்லத் தெரியலங்க."

நேர்மையான பதில். அன்று அது எனக்குப் பிடிக்கவில்லை.

*

நீர் வற்றச் சில மாதங்கள் ஆயின. ஊசி தேவைப்படவில்லை. முகம் வடிந்து, கண்ணாடியில் பழைய தாடை தெரிந்தது. முத்துச்சாமியின் மோட்டாரைத்தான் முதலில் கட்டினேன். விரல் தடுமாறாமல் கம்பி ஏறியது. குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரு சொட்டு நீர் செம்புமேல் விழுந்தது. கூரை ஒழுகுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன். வெளியே பட்டப்பகல் வெயில். இன்னொரு சொட்டு விழுந்தது. என் நெற்றியிலிருந்துதான்.

ரெஜினாவைக் கூப்பிட்டேன். என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். "வேர்க்குது" என்றேன். முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள். துடைத்த ஈரத்தைப் பார்த்தாள். "ஆமா" என்றாள். அந்த ஸ்வெட்டரை அன்றே துவைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

எல்லாம் திரும்பி வந்தது. குரல் வந்தது. கோயிலில் வாசகம் வாசித்தேன். வாசித்த புத்தகம் மனதில் நின்றது. எழுத்து மட்டும் வரவில்லை.

முன்பைவிட இது கொடுமையாக இருந்தது. முன்பு மூளையில் மூடுபனி இருந்தது. அதனால் எதுவும் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது பனி விலகி எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது, அங்கே ஒன்றும் இல்லை என்பது உட்பட. விடியலில் மாத்திரை போட்டுக்கொண்டு உட்காருவேன். காப்பி குடிக்கும்வரை இருந்த ஒரு மணி நேரமும் எனக்குத்தான். வரிகள் வந்தன. வந்தவை எல்லாம் என் பழைய கதைகளைப் பார்த்து வேறு யாரோ எழுதியது போல இருந்தன. நன்றாக எழுதவேண்டும், இத்தனைக்கும் பிறகு எழுதுவது பெரிதாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் பேனாவின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அடித்துவிட்டு எழுந்துவிடுவேன். நோய் போய்விட்டது, இனிச் சொல்ல ஒரு சாக்கும் இல்லை. நான் உண்மையிலேயே தீர்ந்துபோனவன்தானா என்ற பயம் அப்போதுதான் வந்தது.

ரத்தப் பரிசோதனைக்காக மருத்துவமனைக்குப் போய்வர வேண்டியிருந்தது. அப்படி ஒருநாள் காத்திருக்கும் கூடத்தில், எதிர் வரிசையில் ஒருவர் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மின்விசிறிக்குக் கீழே தலையில் துண்டைச் சுற்றி, போர்வையைப் போர்த்தியிருந்தார். இமைகள் வீங்கியிருந்தன. கண்ணாடியில் நான் பல மாதம் பார்த்த முகம். பக்கத்தில் அவர் மனைவி ரிப்போர்ட்டுகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"தைராய்டாம்மா?" என்றேன்.

"ஆமாண்ணே. முந்தாநேத்துதான் கண்டுபிடிச்சாக. உங்களுக்குமா?"

பெயர் செல்வி. சின்னாளபட்டியில் தறிக் குடும்பம். கணவர் தறியில் உட்கார்ந்தால் குறுக்கே நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிடுகிறார். ஒரு சேலைக்கு ஆகிற நாள் இரண்டு மடங்காகிவிட்டது.

"வீட்ல எல்லாரும் சோம்பேறிங்கிறாக. எங்க மாமனாரு, தண்ணி கிண்ணி போடுறானான்னு என்கிட்டயே கேக்குறாரு. இவுகளக் கேட்டா ஒண்ணுமில்லங்கிறாக. இப்ப நோயின்னு தெரிஞ்சும், ஒரு மாத்திரையில போறதுக்குப் பேரு நோயான்னு பேசுறாக." குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "உள்ளுக்குள்ள எப்படித்தாண்ணே இருக்கும்? நீங்க சொன்னா நான் வீட்ல போயிச் சொல்லுவேன்."

சொல்ல ஆரம்பித்தேன். அசதியாக இருக்கும், குளிரும் என்றேன். சொல்லும்போதே அது போதாது என்று தெரிந்தது. அசதி என்றால் யாருக்கு இல்லை. அதற்குள் அவர்களுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் கணவரை எழுப்பினார். எனக்கு மனது கேட்கவில்லை.

"நம்பர் குடும்மா. எழுதி அனுப்புறேன்."

யோசித்துச் சொன்னதல்ல. சொல்லிவிட்டேன்.

அன்று மாலை கடைக்குள் உட்கார்ந்து போனில் தட்டினேன். அந்த வீட்டு மாமனாருக்குப் புரியவேண்டும், அது ஒன்றுதான் நினைப்பு. 'கிணற்றுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். மேலே நின்று கூப்பிடுகிறவர்களின் குரல் கேட்கும். பதில் சொல்ல வேண்டுமென்றால் படியேறி மேலே வரவேண்டும். வந்து சேர்வதற்குள் கூப்பிட்டவர்கள் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். நாம் மறுபடி இறங்கிவிடுவோம். கொஞ்ச நாளில் ஏறுவதையே விட்டுவிடுவோம்.' அடுத்து குளிரைப் பற்றி எழுதினேன். பிள்ளையின் பரிசுக்கு ஒரு 'சரி' மட்டும் சொல்லிவிட்டுப் படுத்ததைப் பற்றி எழுதினேன். 'இவர் உங்களை வெறுக்கவில்லை' என்று எழுதினேன். ஒரு இடத்தில் 'களைப்பு' என்று போட்டது சரியில்லை என்று நிறுத்தி, அழித்துவிட்டு வேறு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் டீ ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. வெளியே விளக்குகள் போட்டிருந்தார்கள்.

அனுப்பிவிட்டேன். திருத்திப் பார்க்கவில்லை.

மறுநாள் செல்வி போன் செய்தார். "அண்ணே, எல்லாரையும் உக்கார வச்சு வாசிச்சுக் காட்டினேன். மாமனாரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. கோவமாக்கும்னு நெனச்சோம். செத்த நேரங்கழிச்சு இவுகளுக்குக் கடையில டீ வாங்கிட்டு வந்து குடுத்தாருண்ணே. இந்தா இவுக பேசணுங்கிறாக."

போன் கை மாறியது. நீண்ட நேரம் மூச்சு மட்டும் கேட்டது. நான் அவசரப்படுத்தவில்லை. அந்தப் படிகள் எத்தனை என்று எனக்குத் தெரியும்.

"அண்ணே" என்றது கட்டிப்போன ஒரு குரல். "அதுல எழுதியிருக்கறது... நான்தாண்ணே."

போனை வைத்த பிறகு என்னால் கம்பியைத் தொட முடியவில்லை. கடைக்கு முன்னால் வந்து நின்றேன். என் தொகுப்பைப் பாராட்டி வந்த கடிதங்கள் உண்டு. மேடையில் போட்ட துண்டும் உண்டு. இப்படி ஒரு பதில் எனக்கு வந்ததில்லை. எழுத்துக்கு என்ன ஆயிற்று என்று நான் என்னையே தோண்டிக்கொண்டிருந்தேன். அது கேட்கிற ஒருவருக்காகக் காத்திருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது முழு உண்மையா என்று தெரியாது. மாத்திரை இல்லாமல் அந்த வரிகள் வந்திருக்காது. மாத்திரை மட்டும் இருந்தாலும் வந்திருக்காது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அடுத்த நாள் விடியலில், செல்விக்கு எழுதியதையே விரித்து எழுத உட்கார்ந்தேன். நீங்கள் வாசிப்பது அதுதான். பெரிதாக எழுதவேண்டும் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், சுவரில் சாய்ந்து தூங்கிய அந்த முகத்தை நினைத்துக்கொள்வேன். சில காலைகளில் பத்து வரி, சில காலைகளில் இரண்டு. மதுரை நண்பருக்கு நானே போன் செய்தேன். அவர் காரணம் கேட்கவில்லை. "எப்ப அனுப்புறீங்க?" என்று மட்டும் கேட்டார். நாவலை இன்னும் திறக்கவில்லை. பயமும் இல்லை, அவசரமும் இல்லை.

அதுவரை எழுதியதை ரெஜினாவிடம் கொடுத்தேன். அடுப்படியில் நின்றபடியே வாசித்தாள்.

"ஆஸ்பத்திரியில நான் அழுதேன்னு எழுதியிருக்கீக. நான் எங்க அழுதேன்? நீங்கதான் அழுதீக."

உண்மைதான். அடித்துவிட்டேன்.

இதைப் படிப்பவர்களின் வீட்டில் சித்திரையில் போர்த்திக்கொண்டு உட்காருகிற ஒருவர் இருக்கலாம். கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்கிற, நேசித்த வேலையை விட்டுவிட்ட ஒருவர். அவரைத் திட்டுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். ஒன்றுமில்லை என்று வந்தாலும் நல்லதுதான். அப்போதும், அவர் பதில் சொல்லும்வரை பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள்.

இன்று காலை இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது கீழே கடை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு விவசாயி மோட்டாரை இறக்கிக்கொண்டு என்னைக் கேட்டார். எழுந்திருக்கப் போனேன். அதற்குள் ரெஜினாவின் குரல் கேட்டது. 'குளிச்சிட்டிருக்காக' என்று சொல்கிற அதே சாதாரணக் குரலில் சொன்னாள்.

"செத்த நேரம் உக்காருங்கண்ணே. எழுதிட்டிருக்காக."